இழுப்பு வராத அன்று

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் மகளுக்கு மூச்சிரைப்பு என்று புதுக்கோட்டை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, "எந்த எடத்துல இருக்கும்போது வருது?" என்பதுதான். தலையணையை மாற்றச் சொன்னார், தூசி தட்டும்போது விலகி நிற்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். என் தங்கை மீனாளிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை.

வெளியே ஒருவர் கடலை மூட்டையை உதறிக்கொண்டிருந்தார். மண்ணும் தோலும் கலந்த அந்த வாசம் எனக்கு ஆகாது.

அப்போது புதுக்கோட்டையில் ராஜா ஆட்சிக் காலம். யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்கு அலைந்த வருஷம். மீனாளைக் கட்டிக்கொடுத்தது கந்தர்வக்கோட்டைப் பக்கம், கடலை போடுகிற சம்சாரி வீடு. விலை ஏறும்வரை கடலையை உள்ளறையில் உத்தரம் தொடக் குவித்து வைப்பார்கள். அதன் பக்கத்தில்தான் அவளுக்குப் பாய். மூச்சு இழுக்கும். ஊதக்காற்று என்று கதவைச் சாத்தி, சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டுவார்கள். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். இழுப்பு இன்னும் ஏறும்.

அரிமளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டொரு நாளில் தெளிந்துவிடுவாள். அதுவே வினையாயிற்று. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள்.

நேரில் பார்த்துவிடுவோம் என்று அவளுடைய சின்ன மாமனார் இரண்டு பேரோடு வண்டி கட்டி வந்தார். இழுப்பு உண்மையென்றால் பங்குனி வரை எங்களோடு இருக்கட்டும், பொய்யென்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். பேச்சு அதுதான்.

மீனாள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மூச்சு சீராக இருந்தது. கடவுளே, ஒரே ஒரு தடவை இழுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவளும் கொல்லைப்பக்கம் போய் ஓடிப் பார்த்தாள். வியர்த்ததே தவிர இழுக்கவில்லை.

"என்ன மாப்ளே, ஒங்க தங்கச்சி குதுரையாட்டம் நிக்கிறா. இதைப் பாக்கவா எங்க மாடு இம்புட்டுத் தூரம் நடந்துச்சு?" என்றார் சின்ன மாமனார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

நாலு பேர் சேர்ந்து நின்றால், நான் வேலை பார்த்த கடையில் வெற்றிலை விலை சொல்லவே எனக்கு நாக்கு எழாது. அன்றைக்கும் எழவில்லை. ஆத்தாதான், "அங்கிட்டு இருந்தாத்தாங்க வருது" என்றாள்.

"அப்ப எங்க வீட்டுக்குத்தான் சீக்குங்கிறீங்களா?"

கேலியாகத்தான் கேட்டார். ஆமாம் என்பதுதான் பதில். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

மீனாள் வண்டியில் ஏறினாள். "வாரேண்ணே. அடுத்த தடவை இழுத்துக்கிட்டு இருக்கும்போதே வந்துருறேன்" என்று சிரித்தாள்.

மாசியில் துக்கம் சொல்ல ஆள் வந்தது. வந்தவர் வாசலிலேயே நின்றார். "மீனா போயிருச்சுங்க. நெசமாவே இழுப்புத்தான் போலருக்குன்னு, அன்னைக்கு வண்டி கட்டி வந்த பெரியவர் சொல்லச் சொன்னாரு" என்றார்.

கடலை குவித்து வைத்த அந்த வீடு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். ஆத்தா போய்விட்டாள், வண்டி கட்டி வந்தவர்களும் போய்விட்டார்கள். படம் பிடித்து வைக்க அன்று வசதி ஏது? மீனாளின் முகம் எனக்கே கலங்கலாகத்தான் வருகிறது. என் மகள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட என்னால் முடியவில்லை.

கார்த்திகை மாதம் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.