வாசலில் கிடந்த ஐந்து வாரம்

ஆயுத பூசை நாள், காலை ஐந்தரை மணி.

சென்னையிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் உட்கார்ந்தபடியே வந்து மதுரை ரயில் நிலையத்தில் இறங்கினேன். பூசை விடுமுறைக்குப் படுக்கை கிடைத்தால்தான் அதிசயம். என் திட்டம் எளிமையானது: வந்தோமா, பொட்டலங்களை எடுத்தோமா, சாயங்கால ரயிலைப் பிடித்தோமா. மதுரையில் ஒரு பகல், இரண்டு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

எடுக்க வந்தது கல் தூள். சிரிக்க வேண்டாம். நான் கனிம வளப் பொறியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேலூர் சாலையில், ஒத்தக்கடை தாண்டி ஒரு கிரானைட் ஆலையில் ஐந்து வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். பெரிய பாறைத் துண்டைப் பலகைகளாக அறுக்கும்போது, தண்ணீரோடு குழம்பாக ஓடும் தூளை ஆலைக்காரர்கள் குப்பையாகக் கொட்டுகிறார்கள். அதைச் சுட்டுத் தரை ஓடு செய்ய முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஐந்து வாரமும் ஒரே வகைக் கல்லின் தூளைத் தொட்டியிலிருந்து அள்ளி, உலர்த்தி, சலித்து, எட்டுப் பொட்டலமாகக் கட்டி ஆலையின் மூலையில் வைத்திருந்தேன். பிறகு கல்லூரியில் தலையைக் காட்டச் சென்னை போனேன்.

அங்கே என் பேராசிரியர் அலைந்து திரிந்து, ஓடு சுடும் சூளை உலையில் எனக்காகத் திங்கட்கிழமைக்கு ஒரு முறை வாங்கி வைத்திருந்தார். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். ஓர் அரையாண்டு வீண். அன்று வெள்ளிக்கிழமை.

ஒத்தக்கடை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை, இந்தப் பயணத்தில் நான் மிச்சம் பிடித்தது அது ஒன்றுதான். பஸ்ஸின் முகத்தில் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. நடத்துநர் டிக்கெட்டோடு ஒரு கை பொரியும் கொடுத்தார். "புடிங்கம்மா, நம்ம வண்டிக்குப் பூசை" என்றார். பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் ஒரு பூசணிக்காய். எண்பது ரூபாயாம். "உடைக்கிற காய்க்கு எம்புட்டுதான் கேப்பாய்ங்க?" என்று மாட்டுத்தாவணி வரும்வரை என்னிடம் நியாயம் கேட்டுக்கொண்டே வந்தார். எண்பது அதிகம்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஒத்தக்கடையை நெருங்கும்போது யானைமலை முழுசாகத் தெரிந்தது. எங்கள் துறைக்காரர்கள் எந்த மலையைப் பார்த்தாலும் மனதுக்குள் கன மீட்டர் கணக்குப் போடுவார்கள். நான் அதைப் பார்க்கும்போது மட்டும் கணக்கை மூடி வைத்துவிடுவேன். நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊரில் நாயை விரட்டக்கூடக் கல் கிடைக்காது, மண்ணாங்கட்டிதான். அதனால் ஒரே கல்லாக ஒரு மலை படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வாய் பிளக்கும்.

ஒத்தக்கடையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். இருபது ரூபாய். ஆலை வாசலில் இறங்கியபோது ஏழரை மணி.

வாசலில் ஒரு கோலம். கோலம் என்றால் சும்மா இல்லை. கேட்டிலிருந்து அலுவலகப் படிவரை, லாரி திரும்பும் இடம் முழுக்க விரிந்த தாமரை. நடுவில் கல் அறுக்கும் சக்கரம், பல் பல்லாக. சுற்றிலும் காவிக் கரை. சாணி தெளித்த தரையில் அந்த வெள்ளை பளிச்சென்று எடுத்துக் காட்டியது. நின்று ஒரு படம்கூட எடுத்தேன். படம் எடுத்த கையோடு உள்ளே போய் என் மூலையைப் பார்த்தேன்.

மூலை கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பொட்டலங்கள் இல்லை.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் தமிழ்நாட்டில் எந்தப் பட்டறையில் எதை வைத்தாலும் அது தப்பிக்காது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொட்டியைக் காலி செய்து கழுவியிருந்தார்கள். இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு, பட்டை அடித்து, பொட்டு வைத்திருந்தார்கள். ஆனால் என் பொட்டலங்களைக் குப்பை என்று யாரும் கொட்டவில்லை. அதைவிட மோசம். பாலிஷ் பிரிவில் வேலை செய்யும் செல்வி அக்கா, புதுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக ஓடி வந்தார். "பாப்பா, கோலம் பாத்தியா? எப்புடி இருக்கு? இம்புட்டு நைசா மாவு நான் கண்டதே இல்ல" என்றார்.

அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அது என் பொட்டலமா?"

"ஒம் பொட்டலந்தான். நீ வேல முடிஞ்சு போயிட்டேன்னு நெனைச்சேன். வெள்ளை வெளேர்னு சலிச்சுக் கட்டி வச்சிருந்துச்சு. கோலப்பொடிக்குன்னே வச்சிட்டுப் போயிருக்குன்னு..."

"எட்டுமா?"

"ஆறு எனக்கே பத்தல. ரெண்ட எதுத்த கம்பெனிக்காரக கேட்டாக, குடுத்துட்டேன்."

கோபம் தலைக்கேறியது. திரும்பி அந்தக் கோலத்தைப் பார்த்தேன். கடையில் விற்கும் கோலப்பொடியும் கல் பொடிதான். அவர் நினைத்ததில் என்ன தப்பு? அந்த ஊர்க் கல்லுக்கு வியாபாரத்தில் காஷ்மீர் ஒயிட் என்று பெயர். காஷ்மீருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, மேலூர்க் கல்தான், ஆனால் வெள்ளை அப்படி. சாணமும் காவியும் கலந்தபின் அதை அள்ளினாலும் ஆராய்ச்சிக்கு ஆகாது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல செல்வி அக்காவின் முகம் வாடிப்போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். என்னைச் சமாதானப்படுத்த வேண்டியவரை நான் சமாதானப்படுத்தும்படி ஆயிற்று.

சத்தம் கேட்டு ஃபோர்மேன் பாண்டி அண்ணன் வந்தார். ஐந்து வாரமும் அந்த அறுக்கும் இயந்திரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், கொஞ்சம் கேலியும் செய்தவர். நான் நேராகக் கேட்டேன்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் கட்டரை ஓட்ட முடியாதா? அந்தக் கல்லு ஒண்ணு வெளியில கிடக்குதே?"

பாண்டி அண்ணன் சிரித்தார்.

"இன்னைக்கு மிசினு சாமி பாப்பா. சாமியவே வேல வாங்குவாகளா?"

அவர் சொன்னது சரி. என் மடிக்கணினியையே செல்வி அக்கா அதற்குள் வாங்கி, பொட்டு வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தாகிவிட்டது. பூசையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது.

"நாளைக்கு விஜயதசமி. மறுபூசை போட்டுட்டு ஒரு சுத்து ஓட்டி நிப்பாட்டுவோம். அத வேணும்னா..." என்று இழுத்தார் ஓர் ஊழியர்.

"ஒரு சுத்துல என்ன தூளு வரும்? ஒரு டம்ளர் வரும்" என்றார் பாண்டி அண்ணன். பிறகு யோசித்தார். கட்டரை ஓட்டத் தெரிந்த மற்ற இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இருப்பது இவர் ஒருவர். ஆனால் மறுநாள் காலை அழகர்கோவிலில் இவருடைய தங்கை குழந்தைக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும், அந்த மாமன் இவர்தான்.

"வேண்டாம் அண்ணே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவர் காதில் வாங்கவில்லை. முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளியை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரில் குரல் வந்தது: "படிக்கிற பிள்ளைக்குத்தானே? ஓட்டுங்க. விஜயதசமி அன்னைக்கு மொத வெட்டு நல்ல காரியத்துக்குப் போகட்டும்."

அடுத்து தங்கைக்குப் போன். "நீங்க வெள்ளன போயிருங்க. மொட்டைய மத்தியானம் வச்சுக்குவோம். வாரேன், வந்துருவேன். என்னத்தா, மாமன் இல்லாம மொட்ட போடுறவக கத்தியவா எடுத்துருவாக?" மறுமுனையில் தங்கை சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பாண்டி அண்ணன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

சாயங்கால ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன். அன்று பகல் முழுக்க சுண்டலும் பொரிகடலையும். பூசணிக்காய் உடைத்தார்கள். இரவு செல்வி அக்கா ஒத்தக்கடை வீட்டுக்குக் கூட்டிப் போய், தன் கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்து, கீழே படுத்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. மறுபூசை முடிந்து, பாண்டி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கட்டர் ஊளையிட்டுக் கிளம்பியது. வழக்கமாக அந்த ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்களாம். அன்று யாரும் போகவில்லை. வெள்ளைக் குழம்பு வாய்க்காலில் ஓடித் தொட்டியில் இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. தொட்டி கழுவிக் கிடக்கிறது. முன்பு நான் அள்ளிய தூளில் பழைய கறுப்புக் கல்லின் மிச்சம் எப்போதும் கொஞ்சம் கலந்திருக்கும்; அதற்காகப் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இப்போது விழுவது ஒரே கல், கலப்பே இல்லை. கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பாண்டி அண்ணனின் போன் பத்து மணியிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றரைக்குக் கட்டரை நிறுத்தினார். "போதுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு பைக்கில் ஏறினார். இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். குளிக்கக்கூட நிற்கவில்லை.

குழம்பைத் துணியில் கட்டிப் பிழிந்து, தகரத்தில் பரப்பினோம். மதுரை வெயில் என்றால் கேட்க வேண்டுமா, ஒரு பக்கம் காயக் காய நான் மறுபக்கம் கிளறினேன். மூன்று மணிக்கு வானம் இருட்டியது. புரட்டாசி மழை, சொல்லிக்கொண்டா வரும்? செல்வி அக்கா முந்தின நாள் சுண்டல் கிண்டிய பெரிய எவர்சில்வர் அண்டாவைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றினார்.

"இடியாப்ப மாவு வறுக்கிறதில்லையா? அந்தப் பக்குவத்துல எடுத்துருவோம்."

நான் வெப்பமானியை நீட்டிக்கொண்டே நின்றேன். வெளியே மழை கொட்டியது. மாற்றி மாற்றி வறுத்தோம். ஐந்து மணிக்கு எட்டுப் பொட்டலமும் தயார். இந்த முறை ஒவ்வொன்றின் மேலும் செல்வி அக்கா தன் கையால், பெரிய எழுத்தில், 'கோலத்துக்கு இல்ல' என்று எழுதினார்.

மாட்டுத்தாவணியில் சென்னைப் பேருந்துக்குக் கூட்டம் அலைமோதியது. பாண்டி அண்ணன் அழகர்கோவிலிலிருந்து நேராக அங்கே வந்து, முண்டியடித்து எனக்கு ஜன்னல் இருக்கை பிடித்து வைத்திருந்தார். தலையில் தூள் அப்படியே இருந்தது.

"மாமன் மடியில ஒக்காந்து மாப்பிள மொட்டை போட்டாச்சு. மாமன் தலையப் பாத்துத்தான் பயந்து அழுதான்" என்று அழகர்கோவில் தோசை இரண்டை இலையில் சுற்றிக் கொடுத்தார்.

நன்றி என்று சொல்லத் தொடங்கினேன். "அட போ பாப்பா" என்று இறங்கிவிட்டார். நடத்துநர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "என்னம்மா, சிமெண்டா?" என்றார். கல் தூள் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

வண்டி கிளம்பும் முன் அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததெல்லாம் சொன்னேன். எங்கள் வயலில் அறுக்கும் முதல் கதிர்க்கட்டை அப்பா யாருக்கும் கொடுத்ததில்லை. அது வீட்டுக்கு, அவ்வளவுதான். ஒரு வருடம் சித்தப்பா அவசரமென்று கேட்டும் கொடுக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் பொங்கல்வரை பேசிக்கொள்ளவில்லை.

"வருசத்து முதல் வெட்டையா குடுத்தாங்க?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

"தங்கச்சி புள்ள மொட்டையையும் நிறுத்தி வச்சுட்டு?"

"ஆமா."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவங்க ரெண்டு பேர் விலாசத்தையும் வாங்கி வை. வர்ற புதன்கிழமை குறுவை அறுப்பு. முதல் கட்டு நெல்லு மதுரைக்குப் போவுது. சித்தப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."