பக்கவாசலோரம் ஜான்ரோஸ் அத்தான் போட்ட கட்டம்

வாகன நிறுத்துமிடங்களில் வெள்ளைக் கோடு போடுவதும், அழிந்த கோடுகளைப் புதுப்பிப்பதும் என் அக்காள் சத்தியபாயின் கணவர் ஜான்ரோஸ் அத்தானின் தொழில். எங்கள் குடும்பத்தில் ஆசிரியர்களும் செவிலியர்களும் வாழைக்குலை வியாபாரிகளும் உண்டு. இப்படி ஒரு தொழில் செய்தவர் வேறு எவரும் இல்லை. ஆகவே அவரைப் பற்றிய இந்தக் குறிப்பைச் சற்று விரிவாகவே எழுதி வைக்கிறேன். நேரில் கண்டதை நான் கண்டதாகவும், பிறர் சொன்னதைச் சொன்னவர் பெயரோடும் தருகிறேன்.

அத்தான் கீரிப்பாறையில் பிறந்தவர். அவருடைய தந்தை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். அத்தான் இளவயதில் பஹ்ரைன் சென்று, சாலைகளில் கோடு போடும் நிறுவனமொன்றில் சேர்ந்தார். ஊர் திரும்பியபோது அவருடைய பெட்டியில் சென்ட் பாட்டில்களைவிடப் பெயிண்ட் அடிக்கும் ரோலர்கள் அதிகம் இருந்தன. "கஸ்டம்ஸ்காரன் தொறந்து பாத்துட்டு, பாவம் போல இருக்குன்னு விட்டுட்டான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பிறகு நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்கள், மருத்துவமனைகள், துணிக்கடைகள் என்று எங்கெல்லாம் தார் போட்ட நிறுத்துமிடம் உண்டோ அங்கெல்லாம் அவருக்கு வேலை வந்தது. தரையைப் பெருக்குவார். எண்ணெய் சொட்டிய இடத்தில் பெயிண்ட் நிற்காது என்பதால் அதைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். அந்தத் தடத்தின் இருபுறமும் டேப் ஒட்டி, நடுவில் ரோலர் ஓட்டுவார். திருமண வீடுகளுக்குப் போனால், மணமக்களை வாழ்த்துவதற்கு முன்பாகவே வண்டி நிற்கும் இடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால், "கோடு மங்கிப் போச்சு" என்று பதில் வரும்.

இராஜாக்கமங்கலம் பக்கம் உள்ள எங்கள் சபையின் ஆலய முற்றத்திலும் அவர்தான் கோடு போட்டார். கடற்காற்று கொண்டுவரும் மணலில் டயர்கள் திரும்பித் திரும்பி அந்தக் கோடுகள் விரைவில் தேய்ந்துவிடும். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு முன்பு ஆண்டுதோறும் அவற்றைப் புதுப்பிப்பது அவருடைய காணிக்கை.

அக்காள் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடியவள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின் வாக்கர் பிடித்து நடந்தாள். வீட்டுக்குள் எல்லா வேலையும் செய்தாள். ஆலயத்துக்கு மட்டும் போகவில்லை. காரணத்தை அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

"எனக்கு என்ன, நடக்கத் தெரியாதா? கார்க் கதவ முழுசாத் தொறந்தா நானே எறங்குவேன். ரெண்டு பக்கமும் வண்டியக் கொண்டு ஒட்டி விட்டா, என்னயச் சாக்கு மூட்ட மாதிரி தூக்க நாலு பேரு வாறாவ."

"பக்கவாசலோரம் அகலமா ஒரு கட்டம் போட்டுத் தாறேன்" என்றார் அத்தான். "உள்ள ஒரு சக்கர நாற்காலிப் படமும் போட்டா ஒருத்தனும் வண்டி விடமாட்டான்."

"அந்தப் படத்தப் போட்டா நான் அந்தத் தெருவுக்கே வரமாட்டேன். நான் நாற்காலியிலயா இருக்கேன்?"

வீட்டிலும் அவள் பாட்டு நின்றுபோனது அத்தானுக்குத் தாங்கவில்லை. அவளை எப்படியாவது மீண்டும் ஆலயத்துக்கு வரவைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆண்டு அவருக்கிருந்த ஒரே கவலை. சபைச் செயலர் மத்தியாஸிடம் போய்க் கேட்டார். பக்கவாசலோரம் வழக்கமாக நிற்பது மத்தியாஸின் கார்தான்.

"போடும் ஓய்" என்றார் மத்தியாஸ். "நான் வேப்பமரத்தடியில விடுகேன். காக்கா எச்சம் போட்டா நீரு வந்து கழுவணும்."

படம் கூடாது, ஆனால் கட்டம் அவளுடையது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். பஹ்ரைனில் அதிகாரிகள் வண்டி நிறுத்தும் கட்டங்களில் அவரவர் பெயரை எழுதியது அத்தானுக்கு நினைவு வந்தது. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, கட்டத்தைப் போட்டுவிட்டு அதன் நடுவில் பெரிய எழுத்தில் 'சத்தியபாய்' என்று எழுதினார். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சபையில் உயிரோடிருப்பவர் பெயரை எதிலும் எழுதும் வழக்கம் கிடையாது. பெஞ்சின் முதுகிலும் குடிநீர்த் தொட்டியிலும் மின்விசிறியின் இறக்கையிலும் உள்ள பெயர்களெல்லாம், யாருடைய நினைவாக அவை கொடுக்கப்பட்டனவோ அவர்களுடையவை. அத்தான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பவரல்லர். அவர் பார்வை எப்போதும் தரையில்தான்.

ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கும் ஷிபு அன்று மாலை வந்தார். அவர் பின்னர் என்னிடம் சொன்னது இது: "கெட்டினவரே முட்டுப்போட்டு இருந்து பெஞ்சாதிக்க பேர எழுதுகாரு. இடைக்கிட கண்ணையும் தொடைக்காரு. நான் என்னத்த நெனைக்க?" உண்மையில் கண் எரிந்தது பெயிண்டில் கலக்கும் தின்னரால். ஷிபு அருகில் போகத் துணியாமல் மத்தியாஸுக்குப் போன் செய்து, சத்தியபாய் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார். அக்காள் நெடுநாளாக வெளியே வராதவள் என்பதால் மத்தியாஸுக்கும் சந்தேகம் தோன்றவில்லை. சற்று நேரத்தில் சபையின் வாட்ஸ்அப் குழுவில், சகோதரி சத்தியபாய் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள் என்றும், அடக்க ஆராதனை நேரம் பின்னர் அறிவிக்கப்படும் என்றும் செய்தி வந்தது.

அதை நானும் படித்தேன். அக்காளின் எண்ணை அழைத்தேன்.

"என்ன மக்கா, சாயா குடிச்சியா?" என்றாள் அக்காள்.

"இன்னா வாறேன்" என்று போனை வைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நான் போய்ச் சேரவும் மத்தியாஸின் கார் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அக்காளோடு பாடகர் குழுவில் நின்ற ஜெபகனி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். உள்ளே உள்ளி உரித்துக்கொண்டிருந்த அக்காள், வாக்கரை ஊன்றி முன்வாசலுக்கு வந்தாள்.

"ஏட்டி ஜெபகனி, ஆரு செத்தா?"

ஜெபகனி அழுகையை நிறுத்தாமலே சொன்னாள்: "நீதாம்ட்டி."

நடந்தது என்னவென்று மத்தியாஸ் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்போது அத்தான் வந்தார். கையெல்லாம் பெயிண்ட். வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டு, "இங்க என்ன விசேஷம்?" என்றார். அக்காள்தான் பேசினாள்.

"அடக்கத்துக்கு வந்திருக்காவ. நீங்கதான நடத்தி வச்சது."

விஷயம் புரிந்ததும் அத்தான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒனக்க எடம்னு எல்லாரும் அறியட்டும்னுதான் எழுதினேன் பிள்ளே" என்றார். இனி இவள் ஆலயப் பக்கமே வரமாட்டாள் என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

"இப்பவே கறுப்புப் பெயிண்ட் அடிச்சு மறைச்சிரலாம்" என்றார் மத்தியாஸ்.

"வேண்டாம்" என்றாள் அக்காள். "பேரையும் மறைச்சா, புதைச்சே ஆச்சுன்னு சொல்லுவாவ. நாளைக்கு நான் வாறேன். உசிரோட இருக்கேனா இல்லியான்னு எல்லாரும் நல்லாப் பாக்கட்டு."

ஜெபகனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ஜாக்கெட்டு பாகமா இருக்கான்னு போட்டுப் பாரு. எத்தன நாளாச்சு" என்றாள். அக்காள் அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு அத்தானிடம் பட்டுச் சேலை இருந்த பெட்டியை இறக்கச் சொன்னாள்.

மறுநாள் பண்டிகை. முற்றமெங்கும் வாழைக்குலைகளும் கருப்பட்டியும் ஏலத்துக்குக் கொண்டுவந்த கோழிகளுமாக நெரிசல். பக்கவாசலோரம் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அத்தான் காரை அதன் நடுவில் கொண்டு நிறுத்தினார். கதவு முழுதாகத் திறந்தது. அக்காள் கால்களை வெளியே வைத்து, வாக்கரை ஊன்றி, தானாக எழுந்து நின்றாள். மத்தியாஸ் பழக்கதோஷத்தில் கை நீட்டினார். ஜெபகனி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அத்தான் உதவப் போகாமல் இருப்பதற்காகத் தம் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்ததைப் பின்னால் நின்ற நான் கண்டேன்.

அக்காள் குனிந்து தன் பெயரைப் பார்த்தாள். எழுத்துகளைச் சுற்றிப் போகாமல் அவற்றின் மேலேயே நடந்து பக்கவாசலை அடைந்தாள். உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. நிலைப்படியில் நின்று அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க என்ன நிக்கிய? வண்டிய பூட்டிட்டு வாங்க."