காந்த வளையமும் அண்ணியின் தாலியும்

அந்தப் பசை சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில், தோசை மாவு பதத்தில் இருக்கும். காலையில் தட்டில் ஊற்றி வைத்தால் மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடக்கும். காயாது, ஏடு கட்டாது. விரலில் பட்டால் துணியில் துடைத்துவிடலாம். முதல் நாள் அதைப் பார்த்தபோது, இது எங்கே செருப்பை ஒட்டப்போகிறது என்றுதான் நினைத்தேன். அண்ணியோ குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "நாத்தமே இல்ல புள்ள" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நானும் அண்ணியும் பர்மாவில், ஷ்வேப்யிதா என்ற ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அண்ணி என் அண்ணனின் மனைவி. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அவர்களோடுதான் இருந்தேன். அண்ணன் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு கட்டிலோடு இருந்தார். ஆக, நாங்கள் இரண்டு பேரும் போனால்தான் அடுப்பு எரியும். நான் நாலாவது வரைதான் படித்தவள், நாலு பேர் நடுவில் பேசவும் வராது. எனக்கும் சேர்த்து அண்ணிதான் எல்லா இடத்திலும் பேசுவாள்.

பழைய பசை மூக்கைத் துளைக்கும். அதைத் தூரிகையால் தடவி, சூட்டுப் பெட்டியில் காட்டி, செருப்பின் அடியை வைத்து அழுத்த வேண்டும். அந்தப் புகை அண்ணியின் நெஞ்சில் இறங்கிவிட்டது. ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே மூச்சு வாங்குவாள். இந்த வேலையை விடச் சொன்னார் டாக்டர். விட்டுவிட்டு எங்கே போவது?

அப்போதுதான் அந்தப் புது மெஷின் வந்தது. தனி அறை, கண்ணாடிக் கதவு. உள்ளே மேசைமேல் செம்புக் குழாயை வளைத்துச் செய்த ஒரு வளையம். புதுப் பசையில் மாவு மாதிரி இரும்புத்தூள் கலந்திருந்தது. பசை தடவிய செருப்பை வளையத்துக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினால் வளையம் காந்தமாகிவிடும். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. தூள் மட்டும் உள்ளேயே சூடாகி, அந்தச் சூட்டில் பசை இறுகிவிடும். பொத்தானை விட்டால் இறுகுவதும் நின்றுவிடும். அடி கோணலாக இருந்தால் பாதியில் நிறுத்தி, நகர்த்தி வைத்து, மறுபடி அழுத்தலாம். மெஷினைப் பார்த்துக்கொண்ட பர்மாக்காரரை நாங்கள் சயா என்போம். அங்கே வாத்தியாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மேலதிகாரியையும் அப்படித்தான். "மத்த பசையெல்லாம் அதும்பாட்டுக்குக் காயும். இது நாம சொன்னாத்தான் காயும்" என்று சயா சிரித்தார்.

அந்த அறைக்கு ஆள் கேட்டதும் அண்ணி கையைத் தூக்கினாள். என் கையையும் சேர்த்துத் தூக்கினாள். சயா ஒரே ஒரு விதி சொன்னார். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. இரும்பானாலும் பொன்னானாலும் வளையத்துக்குப் பக்கத்தில் போனால் சுட்டுவிடும். கதவருகே இருந்த பிளாஸ்டிக் கூடையில் பெண்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிப் போட்டார்கள். என்னிடம் கழற்ற ஒன்றும் இல்லை. அண்ணி கையை ரவிக்கைக்குள் விட்டுத் தாலியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கட்டியவர் கட்டிலில் கிடக்கும்போது தாலியைக் கழற்றுவதாவது! "நாளைக்கு வர்றேன் சயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்று முழுக்கப் பழைய பசையிலேயே வேலை செய்தாள், இருமினாள்.

இதற்கு வழி நம்மிடம் உண்டு. பொன் இல்லாத வீட்டில் மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொள்வார்கள், அதுவும் தாலிதான். மறுநாள் காலையில் அண்ணி சாமி படத்துக்கு முன்னால் நின்று அப்படிக் கட்டிக்கொண்டு, பொன்தாலியைப் பெட்டியில் வைத்தாள். அது என்ன என்று சயா கேட்டார். மஞ்சளை எடுத்துக் காட்டினாள். "குழம்புல போடுறதா?" என்று கேட்டுவிட்டுச் சரி என்றார்.

வளையத்தில் அண்ணி கை ரொம்பச் சீக்கிரம் பழகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நான் பசை தடவிக் கொடுப்பேன். ராத்திரியில் அண்ணி படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். அப்படியே போயிருக்கலாம். ஆனால் நம் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டே, ஊக்கைத் தாலியில்தான் மாட்டி வைப்போம். எங்கே என்ன அறுந்தாலும் கை உடனே அங்கேதான் போகும். ஒரு நாள் வேலையாட்களை ஏற்றி வரும் ஃபெர்ரி பஸ்ஸில் வரும்போது அண்ணியின் பை கிழிந்தது. அதைக் குத்தி வைத்திருந்த ஊக்கைத் தொழிற்சாலைக்கு வந்ததும் கழற்றியவள், நினைவில்லாமல் மஞ்சள் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். நானும் பார்த்தேன். அது உலோகம் என்று எனக்கும் தோன்றவில்லை. ஊக்கு என்றால் ஊக்கு, அவ்வளவுதான்.

கோணலாக இருந்த அடியைப் பார்க்க, பொத்தானை விடாமலே அண்ணி வளையத்தின்மேல் நன்றாகக் குனிந்தாள். ரவிக்கைக்கு வெளியே வந்து தொங்கிய கயிறு வளையத்துக்குள் இறங்கியது. அண்ணி "ஐயோ" என்று பின்னால் சாய்ந்தாள். ஊக்கு பட்ட இடத்தில் கயிறு கருகி அறுந்து, மஞ்சள் துண்டு பசைத் தட்டில் விழுந்தது.

நெஞ்சில் சுட்ட இடத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. தட்டையே பார்த்தாள். "அவருக்கு என்னமோ ஆயிருச்சு புள்ள" என்றாள். அதற்குப் பிறகு அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. சயாவே சைக்கா பிடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அந்த மூன்று சக்கர மிதிவண்டி அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் அண்ணன் இடது கையால் மொஹிங்கா, அந்த மீன்குழம்புச் சேமியாவை, தின்றுகொண்டிருந்தார். அண்ணி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். விஷயத்தைக் கேட்டதும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது.

"ஊக்கு சுட்டதுக்கு நான் சாகணுமாக்கும்?"

"இனிமே அந்த ரூமுக்கு நான் போமாட்டேன்."

"போகாம? மறுபடியும் ராத்திரி பூரா சுவரைப் பிடிச்சிக்கிட்டு இழுக்கப் போறியா? யாருடி தூங்குறது?" கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொன்தாலியைக் கொண்டா" என்றார். "பெட்டியில ஏன் கெடக்கணும்? நீ வேலைக்குப் போற நேரம் என் கழுத்துல கெடக்கட்டும். நான் உசுரோட இருக்கேனான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். வந்ததும் வாங்கிக்க."

"ஆம்பள தாலி போடுறதா! ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. எனக்கும் பகல்ல பொழுது போகணுமில்ல?"

அப்படித்தான் நடந்தது. காலையில் அண்ணி தாலியைக் கழற்றி அவர் கழுத்தில் போடுவாள். சாயங்காலம் வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, எடுத்துப் போட்டுக்கொள்வாள். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா, "கல்யாணப் பொண்ணு சாப்டாச்சா?" என்று கேட்பார். அண்ணன் வெட்கப்படுவது போல முகத்தை மூடிக்கொள்வார்.

அண்ணன் உயிர் போனதும் ஒரு பகலில்தான். தூங்கின மாதிரி கிடந்தார் என்று சொன்னார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது தாலி அவர் கழுத்தில் இருந்தது. அண்ணி தினமும் செய்வது போலக் கை கழுவிவிட்டு வந்து, அதை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கருமாதி அன்றுதான் எங்கள் உறவுக்காரப் பெண்கள் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் செத்தபோது என்னைச் சுற்றியும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவர்கள் கழற்றினார்கள்.

அண்ணி குனியவில்லை. "தெனமும் கழட்டுறவதான் நான். கழட்டி அவரு கழுத்துல போடுவேன். இப்ப யாரு கழுத்துல போடணும்? அதைச் சொல்லுங்க, கழட்டுறேன்" என்றாள்.

வந்தவர்கள் எழுந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வயதாகிவிட்டது, நாங்கள் இரண்டு பேருமே வேலைக்குப் போவதில்லை. அண்ணி நன்றாக மூச்சு விடுகிறாள், குறட்டைகூட விடுகிறாள். தாலியைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் காலையில் கழற்றி அண்ணன் படத்தில் மாட்டுகிறாள். கேட்டால், "பகலு அவரோடது" என்கிறாள். சாயங்காலம் கை கழுவி எடுத்து வருகிறாள். சங்கிலிக் கொக்கியைத்தான் அவளால் இப்போது மாட்ட முடிவதில்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். நான் மாட்டிவிடுகிறேன்.