ஐந்து நிமிஷ வெயில்

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் ஒரே மொட்டைமாடி. தொண்ணூற்றெட்டில் எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு புறங்கையிலும் வெண்புள்ளி விழுந்திருந்தது. அம்மாவுக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால், திருச்சியில் தோல் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனது சித்திதான்.

"இது தொத்துற வியாதி இல்லம்மா. தோல்ல நிறம் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "சாப்பிட்டுட்டு மாத்திரை போடு. ரெண்டு மணி நேரம் கழிச்சு கையை மட்டும் வெயில்ல காட்டு. முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் நான் சொல்றபடி கூட்டலாம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மாத்திரை போட்டா பொழுது சாயுற வரைக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டக் கூடாது. தோல் சிவந்தா நிறுத்திட்டு வந்துரு."

எல்லாவற்றையும் தமிழில் சீட்டில் எழுதியும் கொடுத்தார். சித்தி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

மாடியில் கடிகாரத்தோடு எனக்குத் துணை இருந்தவள் சித்தியின் மகள், என் தங்கச்சி. "ஆயிருச்சுக்கா, இறங்கு" என்று அவள் சொன்னதும் இறங்கிவிடுவேன். இரண்டு மாதத்தில் வெள்ளைக்குள் எள் எள்ளாகப் பழுப்புப் புள்ளிகள் முளைத்தன.

அப்போதுதான் விக்கிரமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்தேன். எல்லார் முன்னாலும் சித்தி சொன்னாள்: "கையைப் பார்த்துட்டீங்கள்ல? நாளைக்கு உங்க வூட்டுப் புள்ளைங்களுக்குத் தொத்திக்கிட்டா எங்களைச் சொல்லக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அடுத்த மாதம் அதே மாப்பிள்ளையைச் சித்தியின் மகளுக்குப் பேசி முடித்தார்கள்.

புள்ளியே இல்லாத கையோடு அந்தக் கல்யாணத்தில் சித்தி எதிரே போய் நிற்க வேண்டும் என்று வெறி வந்தது. ஒருநாள் தங்கச்சி கூப்பிட்டும் இறங்கவில்லை. "நீ போடி" என்று விரட்டிவிட்டு, பத்து நிமிஷம் நிற்க வேண்டிய இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். மறுநாள் இரண்டு கையும் வெந்நீர் கொட்டினமாதிரி கொப்பளித்துவிட்டன.

"மாத்திரையை அளந்துதானே குடுத்தேன்? வெயிலும் அதே மாதிரிதான்" என்று டாக்டர் திட்டினார். புண் ஆறும்வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

கட்டுப்போட்ட கையோடுதான் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குக் கல்யாணத்துக்குப் போனேன். பைக்குள் டாக்டர் சீட்டு இருந்தது. தாலி கட்டும்வரை வாயைத் திறக்கவில்லை. முன்பே சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். சித்தி என் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருப்பாள். சம்பந்தியாகி, அந்த அம்மா முகத்தில் அவள் ஆயுசுக்கும் முழிக்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சீட்டை நீட்டினேன். "படிச்சுப் பாருங்க. தொத்தாதுன்னு டாக்டர் சொன்னப்ப சித்தி என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

அவர் முழுக்கப் படித்தார். சித்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "பொய் சொல்லித்தான் பொண்ணு குடுத்தீங்களா?" பந்தியே திரும்பிப் பார்த்தது. எனக்கு வயிறு நிறைந்தது.

அதன்பின் சித்தி மகளைப் பார்க்க விக்கிரமங்கலம் போனால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள். அங்கே யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லையாம். அவள் தெருவில் நடந்து வருவதை மாடியிலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மறைக்கவில்லை. புண் ஆறியபின் டாக்டர் சொன்ன கணக்குப்படியே வெயிலில் நின்றேன். இரண்டு வருஷத்தில் புறங்கை நிறம் திரும்பியது. விரல்நுனி மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டது.

பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அம்மாவைத் தண்டிச்சேன்னு நெனக்கிறியாக்கா? உங்கம்மா பொய்க்காரின்னு அங்க தினமும் கேக்குறது நான்தான்."

அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சித்தியிடம் மட்டும் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.