தொடாதீர்கள் என்று சொல்கிற வேலை

அருங்காட்சியகக் காவல் என்பது ‘தொடாதீர்கள்’ என்று சொல்லிச் சொல்லியே முழங்காலைக் கெடுத்துக்கொள்கிற வேலை. கடையிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் நின்றே காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லண்டனில் என் பங்குக்கு வாய்த்தவை கிரேக்க, ரோமச் சிலைகளும் பானைகளும்.

சிரிக்கும் வீரன்

மிகப் பழைய கிரேக்கச் சிலைகளின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். நெஞ்சில் அம்பு தைத்து விழுகிற வீரனுக்கும் அதே சிரிப்புத்தான். ஈஸ்ட் ஹாமில் புடவைக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் அவனை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இவனும் கடையிலை நிண்டவன் போலை, பிள்ளை. குத்தினாலும் சிரிக்கிறான்.”

பானையில் செத்தவீடு

ஒரு பானையில் செத்தவீடு வரைந்திருக்கிறது. பெண்கள் தலையில் கைவைத்து அழுகிறார்கள். ஆண்கள் ஒரு கையை உயர்த்தியபடி வரிசையாக நிற்கிறார்கள், அவ்வளவுதான். என்னோடு காவல் வேலை செய்யும், மோர்டன் பக்கம் இருக்கும் சிவம் அண்ணைக்கு அந்த ஆண்களை நன்றாகப் பிடிக்கும். தன்னைக் கேட்காமல் கலியாணம் கட்டிய மகளோடு அவருக்கு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவள் இருப்பது லண்டனின் மறுபக்கம், வெம்பிளியில். “மனம் கேக்குதோ அண்ணை?” என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன். பானையைக் காட்டினார்.

“ஆம்பிளையள் அந்தக் காலத்திலையும் வாயைத் திறக்கேல்லை, தங்கச்சி.”

கைபிடித்த கல்

ஒரு கல்லறைக் கல்லில் வயதான தகப்பனும் மகளும் கைபிடித்திருக்கிறார்கள். முகத்தில் அழுகை இல்லை. பிரிவு முழுவதும் அந்தக் கைகளில்தான். பள்ளிக்கூடத்தோடு வந்த சிறுமி, இதில் செத்தது யார் என்று கேட்டாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் ஆசிரியை. பக்கத்தில் நின்ற அண்ணை அன்று தேநீருக்கே போகவில்லை. வேலை முடிந்து படியிறங்கும்போது, இருபது வருடமாக லண்டன் ட்யூப் ரயிலில் அலைகிற அந்த மனிதர் என்னிடம் கேட்டார்:

“வெம்பிளிக்கு ஜூபிலி லைன்தானே?”

திங்கட்கிழமை

போனாரா, திரும்பினாரா என்று தெரியாமல் சனி, ஞாயிறு முழுவதும் கைபேசியைப் பார்த்தபடியே இருந்தேன். திங்கள் காலை அண்ணை வழக்கம்போல வீரனுக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டப் போய்க் கேட்டேன்.

“‘ஷூவைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ, அப்பா’ எண்டவள். முழங்கால் மடங்கேல்லை. கையைத் தந்தவள்.”

‘தொடாதீர்கள்’ என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற எங்கள் இருவரில் ஒருவர் விதியை மீறிவிட்டார் என்று மேலிடத்துக்கு நான் இன்னும் ரிப்போர்ட் எழுதவில்லை.