கிணற்றுக்குப் போன பந்து

ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் டீ குடிக்க எனக்கென்று ஒரு பேக்கரி உண்டு. போன வாரம் அங்கே தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் மாமன் மச்சான் இரண்டு பேர் ஒரே செல்போனில் முந்தின நாள் நடந்த ஏதோ வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் பந்து என்றால் என் கழுத்து தானாக நீளும்.

கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு கட்டிப் பிடித்தபடி புல்லில் படுத்திருந்தார். எழுந்திருக்கிற உத்தேசமே தெரியவில்லை. நடுவர் ஒரு கையைத் தூக்கி, கடைசி ஐந்து விநாடிக்கு ஐந்து விரலையும் விரித்து ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தார்.

"பாருங் மாப்ள, எட்டு செகண்டுக்கு மேல பந்தக் கையில வெச்சிருந்தா எதிர் டீமுக்குக் கார்னராமா. புது ரூலு."

"இதெல்லாம் பத்தாதுங் மச்சா. டைம் ஓட்டறவன வெளிய தொரத்தி உடோணும். அவனுக்கெல்லாம் என்ன மரியாத?"

நான்காவது விரல் மடங்குவதற்குள் நான் பன்னைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஒன்றும் வந்திருக்கவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் ரெப்ரியாக இருந்தவன். சிரிக்காதீர்கள். தறிப்பட்டறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் விதிப் புத்தகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருபத்து நாலு வயதில் முழங்கால் பிசகி ஆட முடியாமல் போயிற்று. ஆனால் கையில் ஒரு வாட்ச் இருந்தது. சேலம் கடைவீதியில் வாங்கியது, பொத்தானை அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் அடிதடி ஆனபோது யாரோ சொன்னார்கள்: "வாட்ச்சு வெச்சிருக்கறவன் ஊதட்டும்." அன்றைக்கு வாயில் வைத்த விசிலைப் பதினோரு வருஷம் எடுக்கவில்லை.

தறிக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. இழை அறுந்தால் தறி நின்றுவிடும். நின்ற தறியைப் பார்த்தால் ஓடிப்போய் இழையை முடிந்து மறுபடி ஓடவிட்டால்தான் மூச்சு வரும். மைதானத்திலும் எனக்கு அதே வியாதிதான். ஆட்டம் நின்றால் தாங்காது. ஆட்டத்தை வேண்டுமென்றே நிறுத்துகிறவனைக் கண்டால் சுத்தமாகத் தாங்காது.

மைதானம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். விதைக்காமல் விட்ட ஒரு மேட்டுக்காடு. கிழக்கே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை. கிழங்கு அரைத்த தண்ணீரின் புளித்த வாடை காற்று திரும்பும்போதெல்லாம் வந்து மூக்கைப் பிடிக்கும். தெற்குக் கோட்டுக்கு அப்பால் இருபது தப்படி தூரத்தில் ஒரு கிணறு. சதுரக் கிணறு, ஒரு பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள், பாதிக்குக் கீழே படியும் கிடையாது, பாறையில் கால் வைக்கக் கொத்திய குழிகள்தான். அந்தப் புளித்த வாடை இப்போதும் எங்கேயாவது அடித்தால் எனக்கு முதலில் செங்கோடன் முகம்தான் வரும்.

செங்கோடன் ரிக் லாரியில் போர்வெல் போடப் போகிறவன். ஆறு மாதம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே கிடப்பான். ஊருக்கு வந்தால் ஆட்டத்துக்கு வந்துவிடுவான். வலது பக்கத் தடுப்பு அவனுடையது. நல்ல ஆட்டக்காரன். அதைவிட நல்ல டைம் ஓட்டி. அவன் அணி ஒரு கோல் முன்னால் இருந்தால் போதும், அவனுக்குக் காலில் நெருஞ்சி முள் ஏறிவிடும். உட்கார்ந்து பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். முள் இருக்கிறதா இல்லையா என்று எந்த ரெப்ரியால் சொல்ல முடியும்? ஒருமுறை குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினான். நான் விசிலை எடுத்து, "செங்கோடா, நீ பூட்ஸே போடலியேடா" என்றேன். அவன் நிமிராமலே, "அடுத்த வருசம் வாங்கறதுக்கு இப்பவே பழகறனுங்ண்ணா" என்றான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அரை நிமிடம் போயிருந்தது.

வெளியே போன பந்தை எடுக்க அவன் நடக்கிற நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "வெரசா வாடா" என்று எதிர் அணிக்காரன் கத்தினால், "கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுட்டுப் போயிரும்? மெதுவாத்தான் போவோம் சாமி" என்பான். எனக்குச் சொலவடை என்றால் உயிர். அதனாலேயே அவனை எனக்குப் பிடிக்கும். அதனாலேயே எரிச்சலும் வரும்.

முள்ளும் கயிறும் போதாதென்று ஒரு பொங்கலுக்கு எல்லா அணிகளும் கிணற்றைக் கண்டுபிடித்தன. இருப்பது ஒரே பந்து. முன்னால் இருக்கிற அணிக்காரன் ஓங்கி ஒரு உதை விட்டால் பந்து கிணற்றுக்குள் போகும். அதை எடுக்க யார் இறங்குவது என்ற பஞ்சாயத்து முடிவதற்குள் பொழுது இறங்கிவிடும். கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான் ஒரு விதி போட்டேன். பந்து கிணற்றுக்குப் போனால் வாட்ச்சை நிறுத்துவேன். அடித்தவன் எவனோ அவனேதான் இறங்கி எடுக்க வேண்டும்.

அந்தப் பொங்கலில் தண்ணீர் மேலேயே நின்றது. குதித்தால் நாலு கைவீச்சு, பந்தோடு ஏறிவிடலாம். இரண்டு பேர் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு ஆடினார்கள். மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஒரு பந்தும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. "ரெப்ரின்னா இவருதான்" என்று டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சை நான் இரண்டு மூன்று டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

சித்திரையில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மறுபடி ஆட்டம் வைத்தார்கள். மழை இல்லாத வருஷம். கிணற்றில் தண்ணீர் அடியில் முழங்காலளவு கிடந்தது. நான் போய் எட்டிப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போட்ட விதியை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. பொங்கலுக்குப் போட்ட சட்டையையே சித்திரை வெயிலுக்கும் போட்டுக்கொண்டு நின்ற ஆள் நான்.

கடைசி ஆட்டம். செங்கோடன் அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது. பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே பாக்கி. எதிர் அணிக்காரன் அடித்த பந்தை அவன் தடுத்தான். பந்து அவன் காலில் பட்டு எகிறித் தெற்கே போயிற்று. ஒரு குதி, இரண்டு குதி, உள்ளே.

"வேணும்னு அடிக்கலீங்ண்ணா. கால்ல பட்டுத் தெறிச்சிருச்சு."

நான் வாட்ச்சை நிறுத்திவிட்டுக் கிணற்றைக் காட்டினேன்.

"கெண்டக்கால் இழுத்துப் புடிச்சிருக்குதுங்ண்ணா. வேற யாராச்சும் எறங்கட்டும், இல்லீனா சித்தெ நேரம் பொறுங்."

"உன்ற முள்ளையும் பாத்திருக்கேன், கயித்தையும் பாத்திருக்கேன். எறங்குடா."

கூட்டம் கைதட்டியது. இறங்கினான். நான் கிணற்று மேட்டில் நின்று கையை நீட்டி விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். விதியில் அப்படியொன்றும் இல்லை, கூட்டத்துக்காக எண்ணினேன். பந்தை எடுத்துக்கொண்டு குழிகளில் கால் வைத்து ஏறிப் படி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டான். அங்கே ஒரு கையால் கல்லைப் பிடித்தபடி நின்றான்.

"பந்த மொதல்ல மேல எறி! நீ அப்பறம் வா!" என்று கத்தினேன்.

எறிந்தான். பந்து மேலே வந்தது.

"வாரனுங்ண்ணா" என்று சத்தம் மட்டும் கேட்டது.

பந்து போகிற பக்கம்தானே கூட்டம் போகும். எல்லோரும் மைதானத்துக்குத் திரும்பினோம். பந்தை வைத்தேன், வாட்ச்சை அழுத்தினேன், ஊதினேன். தாமதமாக வருகிறவனுக்கு அதுவே தண்டனை, வருகிற வரைக்கும் அவன் அணி பத்துப் பேரோடு ஆடட்டும் என்று நினைத்தேன். நோம்பி மேளம் வேறு முழங்கிக்கொண்டிருந்தது. எதிர் அணிக்காரர்கள் செங்கோடன் இல்லாத வலது பக்கமாகவே வந்து வந்து போனார்கள். கடைசியில் அந்த வழியாகத்தான் கோலும் விழுந்தது. அப்போதுதான் அவன் அணிக் கோல்கீப்பர் கேட்டான்: "செங்கோடன் எங்கடா?"

"மேட்டுல ஒக்காந்து பீடி வலிச்சுட்டு இருப்பான். ஓட்டற டைம ஒளிஞ்சிருந்து ஓட்டறான்" என்று யாரோ சொன்னார்கள்.

நான் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தேன். கல்யாணப் பத்திரிகையில் வெட்டி வைத்துக்கொண்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கிணற்றுக்குப் போனேன். எட்டிப் பார்த்தேன். அடியில், பாறைமேல் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான்.

பழக்க தோஷம், பாருங்கள், எனக்கு முதலில் வந்த வேலை வாட்ச்சை நிறுத்துவது. நிறுத்தினேன். அதனால்தான் எனக்குத் தெரியும். நான் ஊதியதிலிருந்து நாலு நிமிடம் பத்து விநாடி. அவ்வளவு நேரம் அவன் கூப்பிட்டிருப்பான். அவ்வளவு நேரமும் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம்.

கயிற்றுக் கட்டிலை இறக்கித் தூக்கினோம். சேலம் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு என்றார்கள். இடுப்புக்குக் கீழே வராது என்றார்கள்.

ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, ரூலு ரூலுதானுங்களே" என்றார்கள். கமிட்டித் தலைவர் என் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்தார். கேட்டவள் ஒருத்திதான். செங்கோடன் பெண்டாட்டி வசந்தா, சேகோ ஆலையில் மாவு காயப்போடுகிற வேலை. பந்தாட்டம் அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி மரத்தடியில் முந்தானையில் மாவு வெள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங், வாட்ச்சத்தான் நிறுத்திப்போட்டீங்களாமா?"

"ஆமாம்மா."

"அப்பறம் எதுக்குங் அவர அவசரப்படுத்துனீங்க?"

திட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். நேரத்தை நிறுத்தியான பிறகு ஒரு விநாடிகூட யாருக்கும் நஷ்டமில்லை. அவன் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன? ஆட்டம் எங்கே ஓடிப்போகும்? இப்போதும் என்னிடம் இருக்கிற ஒரே பதில், கைதட்டல் நன்றாக இருந்தது என்பதுதான்.

பேக்கரியில் அந்த மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லியிருக்கலாம். டைம் ஓட்டுகிறவனை ரெப்ரி என்ன செய்ய வேண்டும் என்றால், வாட்ச்சை நிறுத்த வேண்டும். ஆட்டம் முடிகிற இடத்தில் அத்தனையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கார்னர் கொடுக்கட்டும், அட்டை காட்டட்டும், எல்லாம் சரி. ஆனால் வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால் நம்பிவிட வேண்டும். பத்துத் தடவை ஏமாந்தால் பத்து நிமிடம் போகும். போகட்டுமே.

ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போனேன். நைலான் கட்டிலில் கிடப்பான். முதல் தடவை போனபோது அவனே ஆரம்பித்தான்.

"ஊதுங்ண்ணா. இப்ப நெசமாவே டைம் ஓட்டீட்டுக் கெடக்கறேன்."

வசந்தா சிரிக்கவில்லை. நானும்தான். அவன் மட்டும் சிரித்தான். பிறகு கேட்டான்: "பாக்கி எத்தன நிமிசமுங் இருந்துச்சு?"

"ஆறு."

"ஒண்ணுக்கு ஒண்ணு. அந்த ஆறு நிமிசத்த யாரும் ஆடவே இல்லீங்களா?"

"இல்லப்பா."

"அப்ப நாங்க இன்னும் தோக்கல" என்றான்.

வாராவாரம் என்பது மாதம் ஒருமுறை ஆயிற்று. தறியில் ஆள் இல்லை, வீட்டில் விசேஷம், பஸ் இல்லை. என் காரணங்களும் முள், கயிறு மாதிரித்தான். கடைசியாகப் போனபோது படுக்கைப் புண் வந்து ஆள் பாதியாகியிருந்தான். "அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன் செங்கோடா" என்றேன்.

"கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுட்டுப் போயிரும்? மெதுவா வாங்ண்ணா."

நான் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. ஐந்தாறு மாதம் கழித்துத் திருச்செங்கோடு பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார், செங்கோடனுக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டதென்று.

பேக்கரியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு என் பஸ் வந்தபோது நான் ஏறவில்லை. எதிர்த் திசையில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறி அந்தக் காட்டுக்குப் போனேன். சேகோ ஆலை மூடிக் கிடந்தது. காற்றில் எந்த வாடையும் இல்லை. மேட்டுக்காடு முழுக்க மனைக்கற்கள், மஞ்சள் பெயின்ட் அடித்தவை. ஏழெட்டு வீடுகள் எழுந்திருந்தன. வசந்தா மகளோடு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். கிணறு எந்த இடத்தில் இருந்தது என்று நானே தப்படி போட்டு எண்ணிப் பார்த்தேன். தெற்குக் கோடு எதுவென்று தெரியாமல் தப்படியை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன், இங்கே ஒரு கிணறு இருந்ததே என்று.

"கெணறுங்களா?" என்று யோசித்தாள். "நாங்க வந்து மூணு வருசமாச்சுங். அப்படி ஒண்ணும் இங்க இல்லீங்களே."