தகரத்தில் ஒட்டிய அட்டவணைகள்

கொழும்பில் நான் வேலை செய்த இரும்புப் பட்டறையின் சுவர்களில் ஓர் அங்குலம்கூட வெறுமையாக இருந்ததில்லை. எந்த மரைக்கு எந்த அளவில் துளை போடுவது, கம்பியின் தடிப்புக்கு எந்த இலக்கம், அங்குலத்தின் பின்னத்தைத் தசமத்தில் எப்படி எழுதுவது, எல்லாம் பெரிய எழுத்தில் அட்டவணைகளாகத் தொங்கும். நிமிர்ந்து பார்த்தால் போதும். அதனாலேயே நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

தமிழர்களை அடித்துத் துரத்திய கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், வட்டக்கச்சியில், பயிர் செய்யக் காணி கிடைத்தது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். முதல் மாரி மழைக்காலத்திலேயே இருவருக்கும் மலேரியாக் காய்ச்சல். மாமனார் வந்து இரண்டு பேரையும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப் போனார். காய்ச்சல் மாறியது. ஆனால் மகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். நான் வயலோடும் வீட்டோடும் தனித்துப் போனேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு, கொழும்பிலிருந்து கொண்டு வந்த பட்டறை ஆயுதங்களைப் பரப்பினேன். தண்ணீர் இறைக்கும் மிசின்கள் அப்போதுதான் அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. அடுத்த காணிக்காரர் தன்னுடைய மிசினைக் கொண்டு வந்தார். மரை தேய்ந்துபோன ஒரு துளைக்குப் புது மரை வெட்ட வேண்டும். பழக்கத்தில் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். களிமண் சுவர். குத்துமதிப்பாகத் துளை போட்டேன். துளை சிறுத்துவிட்டது. மரை வெட்டும் ஆயுதம் உள்ளேயே முறிந்து நின்றது. அதைத் தோண்டி எடுக்கும் வரைக்கும் அந்த மனிதரின் மிளகாய்க் கன்றுகள் தண்ணீரில்லாமல் வாடின. கொழும்பென்றால் பக்கத்தில் நிற்பவனை ஒரு சத்தம் போட்டு அளவைக் கேட்டிருப்பேன்.

அட்டவணை தேடிக் கிளிநொச்சிக் கடைகளில் ஏறி இறங்கினேன். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் ரயிலேறி வவுனியாவுக்குப் போனேன். அங்கே ஓர் இரும்புக்கடையில், முதலாளியின் கதிரைக்குப் பின்னால், பழைய கலண்டர்களுக்குக் கீழே நான் தேடிய அட்டவணை தெரிந்தது.

"நானா, அந்தப் படத்தை விப்பியளோ?"

முஸ்லிம்களை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்போம். முதலாளி திரும்பிப் பார்த்தார். "இதையா? ஆணி, மரையாணி வாங்கக்குள்ள கம்பனிக்காரன் தந்தது தம்பி. சுவர் பூத்துப்போன இடத்தை மறைக்க மாட்டினது. கழட்டிக்கொண்டு போங்க. உள்ள இன்னும் ரெண்டு கிடக்கணும்."

தேடி எடுத்துத் தந்ததோடு தேநீரும் வருவித்தார். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். கொழும்பு, காய்ச்சல், மகளுடைய பள்ளிக்கூடம் என்று கதை எங்கெங்கோ போயிற்று. அவர் இடையிடையே வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு "ம், சொல்லுங்க" என்றார். திரும்பிப் போகும் ரயிலைத் தவறவிட்ட பிறகுதான், எத்தனை காலமாக நான் ஒருவரோடும் இப்படிப் பேசவில்லை என்பது உறைத்தது.

களிமண் சுவரில் ஒட்டினால் கறையான் விடாது. மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி நிமிர்த்தி, கோதுமை மாப் பசையால் மூன்றையும் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசிக் கம்பியில் தொங்கவிட்டேன். கொட்டில் ஒரு வேலைத்தலமாகிவிட்டது போலிருந்தது.

அதன் பிறகு என்னை அறியாமல் ஒரு பழக்கம் வந்தது. வேலையில்லாத மத்தியானங்களில் அட்டவணைக்கு முன்னால் நின்று சத்தமாக வாசிப்பேன். "கால் அங்குலம், இருபது மரை. மூன்றின் கீழ் எட்டு, பதினாறு மரை. அரை அங்குலம், பன்னிரண்டு மரை." மனப்பாடம் செய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் அடுத்த காணிக்காரரின் மனைவி வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஆர் வந்திருக்கினம்? எத்தினை பேருக்குத் தேத்தண்ணி ஊத்த?"

"ஒருதரும் வரேல்லை அக்கா."

அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என்னையும் தகரங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மூக்குப்பேணிக் குவளையில் தேநீர் ஊற்றி வேலிக்கு மேலால் நீட்டினார்.

அவருடைய கணவர் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனபோது மாமனார் வீட்டுக்கும் போயிருக்கிறார். "உங்கட மருமோன் தனியக் கதைக்கிறார்" என்று சொல்லிவிட்டார்.

மனைவி மகளைத் தாயிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். கையிலிருந்த பையை வைக்கவும் இல்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. உதுகளைத்தான் வாசிக்கிறனான்."

அவள் கொட்டிலுக்குள் வந்து தகரங்களுக்கு முன்னால் நின்றாள். "எங்க, எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

கால் அங்குலம் என்று தொடங்கினேன். அதோடு நிறுத்தி முகத்தைத் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், மிச்சத்தை விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். வரி தப்பினால் திரும்பவும் மேலே போய்த் தொடங்கினாள். அந்த அட்டவணை முடியும் வரைக்கும் வாசித்தாள்.

சில நாட்கள் நின்றாள். சமைக்கிற குசினியை மெழுகினாள், கிழிந்த நுளம்பு வலையைத் தைத்தாள். போகும் நாளில் பஸ் நிற்கும் இடத்தில் வைத்து, "பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளையோட வாறன்" என்றாள். "நீங்களும் ஒருக்கா அங்கால வாங்கோ. அவள் உங்களைத் தேடுறாள்."

சொன்னபடி வந்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தாள். மகளுக்கு வெயில் பிடிக்காது, நுளம்பு பிடிக்காது, ஆனால் வாய்க்காலில் குளிக்க மட்டும் பிடிக்கும். மனைவி வட்டக்கச்சியில் குடியேறவேயில்லை. நானும் காணியை விட்டுப் போகவில்லை. எது சரி என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் வாதாடிக்கொள்ளவும் இல்லை. விடுமுறை முடிந்து அவர்கள் போன பிறகு முதல் இரண்டு நாளும் சமைக்க மனம் வராது. மூன்றாம் நாள் யாராவது ஒருவர் மிசினை வண்டிலில் ஏற்றிக்கொண்டு படலையில் வந்து நிற்பார்.